விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். உழுவது நான், பட்டாவில் என் பெயர் இல்லை

கல்லல் பக்கம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எனக்கே ஒரு கேள்வி வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 44 வயது. கல்லலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரர் 2021 மே மாதம் தவறிப்போனார். மகளுக்கு 19, காரைக்குடியில் கல்லூரியில் இரண்டாம் வருஷம். மகனுக்கு 16, பதினொன்றாம் வகுப்பு. எங்களுக்கு இருக்கிற ஒரே ஆதாரம் மாமனார் 1981-இல் கிரயம் வாங்கிய நிலம். மொத்தம் 2 ஏக்கர் 40 சென்ட், கண்மாய்ப் பாசனம். மாமனார் 2009-இல் இறந்தார், உயில் எதுவும் எழுதவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் வாய்ப்பேச்சாக ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். மடையை ஒட்டிய 1 ஏக்கர் 20 சென்ட் எங்களுக்கு, மேட்டுப் பக்கம் அவருக்கு. நடுவில் ஒரு வரப்பு போட்டார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். மாதத்தில் இருபது நாள் ஊரில் இருக்க மாட்டார். அதனால் அவர் இருந்தபோதே விவசாயம் என் கையில்தான் இருந்தது. எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி என்பது இங்கே பலருக்குத் தெரியும். ஆவணியில் புழுதி உழவு போட்டு அப்படியே விதைத்துவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகினால்தான் பயிர் கதிருக்கு வரும். கார்த்திகையில் முறைத் தண்ணீர் நடுராத்திரியில் வந்தால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மம்பட்டியால் வாமடையை வெட்டிவிட்டு, தண்ணீர் கடைசி வயல் வரை ஏறுகிற வரைக்கும் வரப்பிலேயே உட்கார்ந்திருப்பேன். இது ஒரு நாள், இரண்டு நாள் கதை இல்லை. பதினெட்டு வருஷம்.

பட்டா விஷயம் வீட்டுக்காரர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 2012-இல் பட்டாவை மாமனார் பெயரிலிருந்து அத்தை பெயருக்கும் கொழுந்தனார் பெயருக்கும் மாற்றியிருக்கிறார்கள். அத்தை என்றால் என் மாமியார். வீட்டுக்காரர் அப்போது வெளியூர் லோடில் இருந்தார். பிறகு கேட்டதற்கு, "தம்பிதானே, விடு" என்று சொன்னாராம்.

அந்த "விடு"வுக்கு நான் கொடுத்துக்கொண்டிருக்கிற விலை கொஞ்சம் இல்லை. கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்க் கணக்கு) யார் பெயரில் என்கிறார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் போடவும் சிட்டாவும், என்ன பயிர், யார் சாகுபடி என்று காட்டும் அடங்கலும் வேண்டும். 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் என்று அரசு அறிவித்தது. எனக்கு அந்த விலை கிடைக்க வேண்டுமென்றால் கொழுந்தனார் பெயரில்தான் போட வேண்டும். போன வருஷம் அப்படிப் போட்டோம். பணம் அவர் கணக்கில் விழுந்து மூன்று வாரம் கழித்து என் கைக்கு வந்தது, 4,000 ரூபாய் குறைவாக. வண்டிக்கூலி என்றார். அதற்கு முந்தைய வருஷம் கதிர் வரும் நேரத்தில் பயிர் காய்ந்துபோய், காப்பீட்டுப் பணம் வந்தது. என் வயலுக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்ட நான் காசு கொடுத்திருந்தேன். இழப்பீடு முழுவதும் அவர் கணக்குக்குப் போனது, எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை. 2025 தொடக்கத்தில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க முகாம் போட்டார்கள். ஆதாரை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். பட்டாவில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலையில் களை எடுத்த சேறு காலில் காயாமல் நின்றவளை விவசாயி இல்லை என்றால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

சரி, இப்போது நடந்ததற்கு வருகிறேன். இந்த மாட்டுப் பொங்கலன்று சாயந்தரம் கொழுந்தனார் வீட்டுக்கு வந்தார். கையில் முத்திரைத் தாளில் அடித்த நாலு பக்கம். "மதினி, பேங்க் லோனுக்கு ஒரு கையெழுத்து வேணும், திங்கக்கிழமை பத்திர ஆபீசுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க" என்றார். நான் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். மகள்தான் வாங்கி வாசித்தாள். மேலே விடுதலைப் பத்திரம் என்று இருந்தது. இரண்டாவது பக்கத்தில், ஒன்றரை லட்ச ரூபாய் பெற்றுக்கொண்டு, இனி எனக்கும் என் வாரிசுகளுக்கும் மேற்படி சொத்தில் எவ்விதப் பாத்தியமும் இல்லை என்று எழுதியிருந்தது. மகள் அந்த வரியைச் சத்தமாக வாசித்தாள். கொழுந்தனார் முகத்தில் ஈயாடவில்லை. அத்தை திண்ணையில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். மொத்த நிலத்தையும் பிளாட் போட வாங்க ஒருவர் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாராம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். பட்டாவில் பெயர் இல்லாத எனக்கு இந்த நிலத்தில் உரிமை உண்டா? உண்டென்றால் முதலில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்? அத்தையும் நானும் ஒரே அடுப்பில் சோறு பொங்குகிறோம். அது கெடாமல் இதைச் செய்ய வழி இருக்கிறதா?


பழைய கணக்கு எழுதியது:

அம்மா, நான் சிவகங்கை மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். திங்கட்கிழமை பத்திர அலுவலகம் பக்கமே போகாதீர்கள். உங்கள் மகளுக்கு என் ஆசீர்வாதம்.

பட்டா வருவாய்க் கணக்கு. அதில் பெயர் இல்லாததால் பாத்தியதை போய்விடாது. உரிமையைச் சொல்வது 1981 கிரயப் பத்திரமும் அதற்குப் பிந்தைய வாரிசு முறையும்தான். மாமனார் தாமே வாங்கிய சொத்து, உயில் இல்லாமல் இறந்தார் என்றால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. ஆணென்றும் பெண்ணென்றும் பேதம் கிடையாது. நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. மாமனாருக்குப் பெண் பிள்ளைகள் உண்டா? ஒரு நாத்தனார் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால் அத்தை, உங்கள் வீட்டுக்காரர், கொழுந்தனார், நாத்தனார் என்று நாலு பங்கு, பங்குக்கு 60 சென்ட். வீட்டுக்காரர் 2021-இல் இறந்ததும் அவருடைய 60 சென்ட் அவர் தாயார், நீங்கள், இரண்டு பிள்ளைகள் என மறுபடி நாலாகப் பிரியும். ஆளுக்கு 15 சென்ட். ஆக உங்கள் மூவருக்கும் சேர்த்துச் சட்டப்படி 45 சென்ட்.

நீங்கள் உழுவது 1 ஏக்கர் 20 சென்ட், நான் சொல்வது 45. கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் தாசில்தார் முன்னால் போய் நின்று தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்திருப்பது நல்லது. மீதி எல்லாம் அத்தையும் நாத்தனாரும் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

செய்ய வேண்டியது: மாமனார், வீட்டுக்காரர் இருவருடைய இறப்புச் சான்றையும் எடுங்கள். இரண்டு பேருக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்று வாங்குங்கள். இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணைக்குப் பிறகு தாசில்தார் கொடுப்பார். 1981-இலிருந்து இன்று வரை வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். மூலப் பத்திரம் வீட்டில் இல்லாவிட்டாலும் அதன் எண் வில்லங்கத்தில் தெரியும், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கிவிடலாம். இவ்வளவும் கையில் இருந்தால் பட்டாவில் உங்கள் மூவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி மனு. அது கூட்டுப் பட்டாவாகத்தான் வரும். தனிப் பட்டா வேண்டுமென்றால் பங்கு பிரிந்து, சர்வேயர் அளந்து, உட்பிரிவு ஆக வேண்டும். அது அடுத்த கட்டம், இப்போது அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கொழுந்தனார் ஆட்சேபித்து தாசில்தார் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. உரிமையே தகராறு என்று ஆனால் சிவில் கோர்ட்தான் முடிவு சொல்லும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பயிர் வயலில் நிற்கும்போதே வி.ஏ.ஓ.வை நேரில் கூப்பிட்டு வயலைக் காட்டி, அடங்கலில் சாகுபடி செய்வது நீங்கள் என்று பதியச் சொல்லி மனுக் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அறுத்த பிறகு தாளைக் காட்டி யார் விதைத்தது என்று நிரூபிக்க முடியாது.

மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பணியில் இருந்தபோது வாரிசு விசாரணைக்குப் போனால் திண்ணையில் இருக்கும் ஆண்பிள்ளைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுவேன். கட்டிக்கொடுத்த பெண் எத்தனை பேர் என்று நானாகக் கேட்டதில்லை. அது தப்பு. உங்கள் ஊரில் 2012-இல் நடந்ததும் அப்படிப்பட்ட ஒன்றாகத்தான் இருக்கும்.


மேலத்தெரு எழுதியது:

சகோதரி, நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். குடும்பத்துக்குள் தாலுகா, கோர்ட் என்று இறங்கினால் பிள்ளை கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊன்ற ஆள் வராது. என் சித்தப்பா வீட்டில் பாகப் பிரச்சினை பதினாறு வருஷம் ஓடி, கடைசியில் இரண்டு பக்கமும் வக்கீலுக்குக் கொடுத்ததுதான் மிச்சம். ஒன்றரை லட்சம் குறைவுதான். பெரியவர்களை வைத்துப் பேசி மூன்று, நாலு லட்சமாக உயர்த்தி வாங்கிக்கொண்டு பெண்ணின் படிப்பைப் பாருங்கள். தப்பாக நினைக்காதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.


கல்லல் பக்கம் எழுதியது:

ஐயா, உங்கள் கணக்கை மகள் தாளில் போட்டுக் காட்டினாள். 45 சென்ட் என்றதும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, உண்மை. நாத்தனார் ஒருவர் இருக்கிறார், 1996-இல் கட்டிக்கொடுத்தது, இப்போது திருப்பூரில். அவருக்குப் பங்கு உண்டு என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. என் பெயரை விட்டுவிட்டார்கள் என்று இங்கே எழுதிய நானே அவர் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

மேலத்தெரு அண்ணன், நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். ஆனால் மூன்று லட்சம் இந்தக் காலத்தில் எத்தனை நாளைக்கு? அந்த வயலில் வருஷத்துக்கு எங்கள் நாலு பேருக்கும் சாப்பாட்டு அரிசி வருகிறது, வைக்கோலில் ஒரு மாடு நிற்கிறது, வரப்பில் துவரை போடுகிறேன். பணத்தை வாங்கிவிட்டால் அடுத்த ஆவணிக்கு நான் எங்கே போய் விதைப்பேன்?


புதுவயல் அக்கா எழுதியது:

தங்கச்சி, உன் பதிவை எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் போனில் வாசித்துக் காட்டினேன். பன்னிரண்டு பேரில் நாலு பேர் "இது என் கதை" என்றார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் உயிரோடுதான் இருக்கிறார், நல்ல மனுஷர். ஆனால் நிலம் பெரிய மாமனார் பெயரிலேயே முப்பது வருஷம் கிடந்தது. நான் 2017-இல் தாலுகா ஆபீசுக்கு முதல்முதலாகத் தனியாகப் போனேன். "ஆம்பளை யாரும் வரலையா?" என்றார் அங்கே இருந்தவர். வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், மூன்று மணி வரை உட்கார்ந்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் குழுவிலிருந்து ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். யாரும் சத்தம் போடவில்லை. ஆறு பேரும் ஒரே மேசைக்கு முன்னால் நின்றோம், அவ்வளவுதான். மனுவை வாங்கி எண் போட்டு ரசீது கொடுத்தார்கள். அன்றைக்கு எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. யாருக்கு ஆபீஸ் வேலை என்றாலும் குறைந்தது மூன்று பேர் போவோம், அன்று கூலி போகிறவளுக்குக் குழுச் சேமிப்பிலிருந்து பஸ் காசும் சாப்பாட்டுக் காசும். ஒருத்தி பேசுவாள், ஒருத்தி தேதியும் பேரும் நோட்டில் குறிப்பாள், ஒருத்தி தைரியத்துக்கு. அந்த நோட்டு இன்றைக்கு மூன்றாவது நோட்டு. "அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால், எந்தத் தேதியில் யார் சொன்னார்கள் என்று திருப்பி வாசித்துக் காட்ட முடிகிறது. எனக்குக் கூட்டுப் பட்டாவில் பெயர் ஏற எட்டு மாதம் ஆனது.

பெயர் ஏறியதும் என்ன மாறியது என்று கேட்பாய். முதல் மாற்றம் கண்மாய்க் கூட்டத்தில். முன்பெல்லாம் கோயில் வாசலில் தண்ணீர் முறை பேசும்போது நாங்கள் தள்ளி வேப்ப மரத்தடியில் நின்று கேட்போம். பட்டா வந்த வருஷம் நான் பாயில் போய் உட்கார்ந்தேன். ஒருவர் முறைத்தார். சிட்டா நகல் மடியில்தான் இருந்தது, எடுத்துக் காட்டத் தேவை வரவில்லை. அந்த வருஷம் கடைமடைக்கு ஒரு முறை கூடுதலாகத் தண்ணீர் வாங்கினோம்.

நிலமே இல்லாதவர்கள் எங்கள் குழுவில் ஏழு பேர். நம் பக்கத்து நிலைமை உனக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் நிலம் கருவை மண்டிக் கிடக்கிறது. அப்படி 3 ஏக்கரை அந்த ஏழு பேரும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்து, சீமைக் கருவையை வெட்டி விறகுக்கு விற்ற காசிலேயே முதல் உழவு போட்டார்கள். குத்தகையை எழுதி வாங்கச் சொன்னேன். எழுதினால் குத்தகைதாரர் உரிமை வந்துவிடும் என்று பல சொந்தக்காரர்கள் பயப்படுகிறார்கள், ஏனென்றால் 1955-இலேயே குத்தகைச் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. இந்த உரிமையாளர் அம்மா, தானும் ஒரு பெண்தானே என்று வருஷாவருஷம் கடிதமாகக் கொடுக்கிறார். ஆதிதிராவிடர், பழங்குடி வகுப்பில் நிலமில்லாத விவசாயக் கூலிப் பெண்கள் யாராவது இதை வாசித்தால், அரசின் தாட்கோ நிறுவனத்தில் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் இருக்கிறது, விசாரியுங்கள். நிலம் வாங்கப் பாதித் தொகை, அதிகபட்சம் 5 லட்சம் வரை மானியம், பத்திரச் செலவும் விலக்கு. எங்கள் குழுவில் ஒருத்தி மனுப் போட்டிருக்கிறாள்.

ஒரு பயிற்சியில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். கீழ்வெண்மணியில் 1968-இல் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை எரித்துக் கொன்ற பிறகு அந்தப் பக்கமே போய்த் தங்கி, 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தவர். அதைப் பெண்கள் பெயரிலேயே பதிந்தார். ஏன் பெண்கள் பெயர் என்று பயிற்சியில் ஒருவர் கேட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த வயசான அம்மா மெதுவாகச் சொன்னது: "அவ பேருல இருந்தா சாராயக் கடைக்குப் போகாதுல்ல."

உன் குழுவில் பேசு, தங்கச்சி. அதற்கு முன்னால் திருப்பூருக்கு ஒரு போன் போடு.


தேவகோட்டை வக்கீல் எழுதியது:

பழைய கணக்கு ஐயா சொன்ன பங்குக் கணக்கு சரி. சட்டப் பக்கத்தில் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் ஏமாற்றி வாங்கினார்கள் என்று சொல்லி நீங்களாக ரத்து செய்துவிட முடியாது. சிவில் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும், வருஷக்கணக்கில் ஆகும். அதைவிட முக்கியம், உங்கள் மகனுக்கு 16 வயது. மைனர் பங்கை, தாயாரே காப்பாளர் என்றாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விட்டுக்கொடுக்கக் கூடாது. மகளோ மேஜர், அவர் பங்குக்கு அவரே கையெழுத்துப் போட வேண்டும். "எனக்கும் என் வாரிசுகளுக்கும்" என்று உங்கள் ஒரு கையெழுத்தில் எழுதியதே அந்தத் தாளின் கோளாறு. வாங்க வருகிறவர் நல்ல வக்கீலிடம் காட்டினால் அவரே பின்வாங்குவார்.

இது மாமனார் சுயமாக வாங்கிய சொத்து என்பதால் வாதம் எளிது. இதே நிலம் பூர்வீகமாக இருந்திருந்தால் வேறு கணக்கு. தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டப்படி 1989 மார்ச் 25-க்கு முன்பு கல்யாணமான பெண்களுக்கு அதில் பிறப்புரிமைப் பங்கு இல்லை என்று இருந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் மகளையும் மகனைப் போலவே பங்குதாரர் ஆக்கியது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினிதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி நடந்து முடிந்த பாகங்களைத் திறக்க முடியாது. இதை எழுதக் காரணம், நிலத்தைப் பூர்வீகம் என்று யாராவது குழப்பினாலும் உங்கள் நாத்தனார் பங்கு போகாது. 1981 பத்திரத்தை முதலில் கையில் எடுங்கள்.

அத்தைக்குத் தம் 60 சென்டும், மகனிடமிருந்து வந்த 15 சென்டும் சேர்ந்து 75 சென்ட். அது அவருடைய முழுச் சொத்து. யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எழுதாமல் காலமானால் பிள்ளைகளுக்குப் போகும், இறந்த மகனின் இடத்தில் உங்கள் பிள்ளைகள் வருவார்கள். மருமகளான உங்களுக்கு அதில் நேரடிப் பங்கு வராது. ஆகவே அவர் நல்லபடி இருக்கும்போதே எல்லாரும் உட்கார்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவது நல்லது. குடும்பத்துக்குள் பாகம் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், கிராமத்து வழிகாட்டி மதிப்புக்குப் பெரிய தொகை வராது. மைனர் பங்கு இருப்பதால் அந்த வாசகத்தை வக்கீல் பார்க்காமல் எழுத வேண்டாம்.

வக்கீல் செலவு என்று தயங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். பேசி முடிக்க விரும்பினால் மக்கள் நீதிமன்றத்தில் வையுங்கள். கோர்ட் கட்டணம் இல்லை, அங்கே ஏற்பட்ட முடிவுக்கு மேல்முறையீடும் இல்லை. மேலத்தெரு நண்பர் சொன்ன பதினாறு வருஷத்துக்கு அது நல்ல மாற்று.


கல்லல் பக்கம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அறுப்பு வேலையில் உட்கார நேரம் இல்லை.

திருப்பூருக்குப் போன் போட்டேன். நாத்தனாரிடம் நேராகச் சொல்லிவிட்டேன், "உங்களுக்கும் 60 சென்ட் பங்கு இருக்கு, எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது" என்று. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார், அவருக்கும் பொங்கலுக்கு முன்னாலேயே ஒரு தாள் வந்திருக்கிறது, "மதினி கையெழுத்துப் போட்டாச்சு, நீ மட்டும்தான் பாக்கி" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் பனியன் கம்பெனியில் லீவு கிடைக்காததால் போடாமல் இருந்திருக்கிறார். இரண்டு பேரும் போனிலேயே அழுதோம். பங்கைக் கேட்பாரா, விடுவாரா என்று நான் கேட்கவில்லை. அவர் வந்து உட்கார்ந்து பேசட்டும்.

அடங்கலுக்கு அறுப்புக்கு ஐந்து நாள் முன்னால் மனுக் கொடுத்தேன். குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி ஆத்தங்குடியில் கல் பட்டறை வேலைக்குப் போகிறவள், அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தாள். வி.ஏ.ஓ. சின்னப் பையன், மரியாதையாகப் பேசினார், வயலுக்கே வந்து பார்த்தார். நான் நிற்கிற பயிருக்குள் இறங்கி, எந்த மூலையில் புகையான் விழுந்தது, எங்கே ஆவணியில் விதை முளைக்காமல் மறுவிதை போட்டேன் என்று காட்டிக்கொண்டே போனேன். வரப்பில் நின்ற கொழுந்தனார் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) அடங்கலில் என் பெயர் இருக்கிறது. மகள் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். பட்டா மனு வாரிசுச் சான்று வந்த பிறகுதான்.

அத்தையைப் பற்றித்தான் எழுத வேண்டும். வாரிசுச் சான்றுக்காக மூலப் பத்திரம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். அத்தை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிட்ட பிறகு இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். மச்சுக்கு மேலே இருக்கும் டிரங்குப் பெட்டிச் சாவி. பத்திரம் மஞ்சள் துணியில் சுற்றி அடியில் இருந்தது. நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர், தொகை வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அதுல பாதி என் காசுமாலைய வித்தது. எங்க அம்மா போட்டது. எம் பேரு எங்கயாச்சும் இருக்கா பாரு" என்றார்.

நாலு பக்கமும் பார்த்தேன். இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வருகிறார். கொழுந்தனாரையும் கூப்பிட்டிருக்கிறேன், ஊர்ப் பெரியவர் ஒருவரும் எங்கள் குழுத் தலைவியும் இருப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு சந்தேகம் மட்டும், பழைய கணக்கு ஐயா இருந்தால் சொல்லுங்கள். மாமனார் பெயர் பத்திரத்தில் ஒரு மாதிரியும் இறப்புச் சான்றில் ஒரு மாதிரியும் இருக்கிறது. ஒன்றில் அவர் அப்பா பெயரின் முதலெழுத்து இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. வாரிசுச் சான்று மனுவோடு ஒரே நபர்தான் என்று வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கினால் போதுமா, இல்லை இறப்புச் சான்றையே முதலில் திருத்த வேண்டுமா?